அல்வா, வத்தல், சேலைக் கஞ்சி: மாவுச்சத்தின் குணமறிந்து வேலை வாங்குவது எப்படி?

திருநெல்வேலிச் சீமையில் அல்வா சரியாக வராவிட்டால் பழி தண்ணீர் மேல் விழும். தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அல்வா வருமா என்பார்கள். வத்தல் பொரியாவிட்டால் வெயில் போதவில்லை. இடியாப்பம் ஒடிந்தால் கை சரியில்லை. தண்ணீருக்கும் வெயிலுக்கும் கைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பண்டங்கள் அனைத்திலும் உள்ளே இருந்து வேலை செய்வது ஒன்றுதான்: மாவுச்சத்து. அதன் அமைப்பு பிடிபட்டுவிட்டால், எந்த வேலைக்கு எந்த மாவு, எப்போது சர்க்கரை, எவ்வளவு சூடு என்பதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தாமாகவே விளங்கிவிடும்.

அம்பாசமுத்திரத்தில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாடப் புத்தகத்தில் மாவுச்சத்து ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அயோடின் விட்டால் நீலம், அவ்வளவுதான். அந்த ஒரு பக்கம் நம் அடுக்களையில் எத்தனை இடங்களில் உயிரோடு இருக்கிறது என்று மாணவிகளுக்குக் காட்டுவதில் எனக்கு எப்போதும் தனி ஆசை. இதையும் அந்த ஆசையில்தான் எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு

செடி தனக்கென்று சேமித்துவைக்கும் உணவுதான் மாவுச்சத்து. குளுக்கோஸ் அலகுகள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அமைலோஸ், பெரும்பாலும் கிளையில்லாத நேர்ச் சங்கிலி. மற்றது அமைலோபெக்டின், ஏறத்தாழ 24 முதல் 30 அலகுகளுக்கு ஒரு கிளை விட்டுப் பரந்து போவது. ஈர்க்குகளை நெருக்கமாகக் கட்டுப் போட்டுவிடலாம், உடைமுள் கிளைகளை அப்படிப் போட முடியாது அல்லவா? இரண்டு சங்கிலிக்கும் உள்ள வேறுபாடு அதுதான். நேர்ச் சங்கிலிகள் ஆறும்போது ஒன்றையொன்று அணைத்து இறுகிக் கட்டியாகும். தட்டையாகப் பரப்பிக் காயவிட்டால் உறுதியான படலமாகும். கிளைச் சங்கிலிகள் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு குழைவாகவும் ஒட்டும் தன்மையோடும் நிற்கும்; அவை இறுகுவதற்கு நாள் பிடிக்கும்.

கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றின் மாவுச்சத்தில் நேர்ச் சங்கிலி நூற்றுக்கு 25 பங்கு அளவில் இருக்கும். மரவள்ளியில் அதைவிடக் குறைவு, பெரும்பாலும் 20-க்குள். அரிசியில்தான் வேறுபாடு அதிகம்: ஒட்டரிசி வகைகளில் 2 பங்குக்கும் கீழே, உதிரி உதிரியாக வேகும் வகைகளில் 25-க்கும் மேலே. ஒரே நெல் இனமாக இருந்தும் ஓர் அரிசி பிசுபிசுக்கிறது, மற்றோர் அரிசி பருக்கை பருக்கையாக நிற்கிறது என்றால், முதல் காரணம் இந்த விகிதம்தான்.

இந்தச் சங்கிலிகள் செடிக்குள் சிறு சிறு மணிகளாகச் சுருண்டு அடங்கிக் கிடக்கின்றன. மணியின் அளவும் செடிக்குச் செடி வேறு. அரிசியின் மணி 3 முதல் 8 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். உருளைக்கிழங்கின் மணி 100 மைக்ரான் வரை போகும். சேப்பங்கிழங்கின் மணி மிகமிகச் சிறியது. கோதுமையில் பெரிய மணி, சிறிய மணி என்று இரண்டு அளவும் கலந்திருக்கும். இது அல்வாவுக்கு முக்கியம், பின்னால் வருகிறேன்.

பச்சைத் தண்ணீரில் இந்த மணிகள் கரைவதில்லை; அடியில் படியும். சூடு ஏறும்போதுதான் நீர் உள்ளே புகுகிறது. கோதுமைக்கு 60 பாகை செல்சியஸ் அளவில், அரிசிக்குப் பொதுவாக அதைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில், மணி ஊதிப் பருத்து, நேர்ச் சங்கிலிகள் வெளியே கசிந்து, குழம்பு கெட்டியாகிறது. வேகுதல் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆறும்போது வெளியே வந்த சங்கிலிகள் மறுபடியும் இறுகுகின்றன. வேகுதல், இறுகுதல் என்ற இரண்டு நிகழ்ச்சிகளை நமக்கு வேண்டியபடி நடத்திக்கொள்வதுதான் இனி சொல்லப்போகும் எல்லாமே.

கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சோதனை. வடிகஞ்சியை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, நன்றாக ஆறவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாகும். நேர்ச் சங்கிலி திருகு சுருளாக இருக்கிறது; அந்தச் சுருளின் நடுவில் அயோடின் போய் அமர்வதால் வருகிற நிறம் அது. இப்போது அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். நீலம் மெல்ல மெல்ல வெளிறி மறையும். எடுத்து ஆறவைத்தால் திரும்பி வரும். சூட்டில் சுருள் தளர்கிறது, ஆறினால் சேர்கிறது. வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது கடைசி பெஞ்சுவரை எழுந்து நின்று பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் கொட்டிவிடுங்கள். அந்தக் கிண்ணத்தைச் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

அல்வா

நெல்லையப்பர் கோயில் பக்கம் சாயங்காலம் வரிசையில் நின்று வாங்குகிற அல்வாவும், வீட்டில் கிண்டுகிற அல்வாவும் அடிப்படையில் சர்க்கரையும் நெய்யும் ஏற்றிய கோதுமை மாவுச்சத்துதான். கடை அல்வா மட்டும்தான் அல்வா என்று நினைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பொறுமை இருந்தால் வீட்டில் அருமையாக வரும்.

கால் கிலோ சம்பா கோதுமையை முதல் நாள் காலையில் ஊறப்போடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். மறுநாள் கோதுமையை நசுக்கினால் வெள்ளையாகப் பால் பிதுங்க வேண்டும், அதுதான் பதம். ஆட்டுரலிலோ கிரைண்டரிலோ தண்ணீர் தெளித்து ஆட்டி, மெல்லிய வேட்டித் துணியில் பிழியுங்கள். சக்கையை மறுபடியும் ஆட்டிப் பிழியுங்கள். துணியில் தங்குவது உமியும் கோதுமையின் பசைப் புரதமும். பாலில் இறங்குவது மாவுச்சத்து மணிகளும் கொஞ்சம் புரதமும்.

பாலை அசைக்காமல் ஆறேழு மணி நேரம் வையுங்கள். இங்கேதான் கோதுமை மணியின் இரண்டு அளவுகள் கண்ணுக்குத் தெரியும். பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். மேலே மஞ்சள் கலந்த தண்ணீர். அதன் கீழே மண் நிறமாக, சற்றுத் தளதளவென்று ஒரு மெல்லிய படிவு. அது சிறிய மணிகளும் புரதமும். அதற்கும் அடியில் சுண்ணாம்பு வெண்மையில், கரண்டியால் சுரண்டினால் கறுக்கென்று இருக்கும் அடர்ந்த படிவு. அது பெரிய மணிகள். கனமானது முதலில் அடியில் போய்விட்டது. மேல் தண்ணீரை முழுதும் வடித்துவிடுங்கள், அதில் புளிப்பு ஏறியிருக்கும். மண்நிறப் படிவை நான் வீசுவதில்லை. அல்வாவுக்கு அந்த இழுவையும் நிறமும் வேண்டும். வெள்ளையை மட்டும் எடுத்துக் கிண்டினால் வழவழப்பு உண்டு, கோதுமை வாசம் குறைவு. மைதாவைப் பிசைந்து தண்ணீரில் அலசிப் பால் எடுக்கிற குறுக்கு வழியிலும் இதே குறைதான்.

அடுத்தது வரிசை. இதில்தான் பலருக்கும் தவறுகிறது. கெட்டிப் பாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்கி, அடி கனத்த உருளியில் சர்க்கரை சேர்க்காமலே முதலில் வேகவிடுங்கள். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கெட்டிப் பாகில் பாலை ஊற்றினால், மணி ஊதுவதற்கு வேண்டிய நீர் கிடைக்காது. வேகுவதற்குப் பல பாகை கூடுதல் சூடு தேவைப்படும். அடுப்பை எவ்வளவு நேரம் வைத்தாலும் நாவில் பச்சை மாவு தட்டும். மாவு முதலில் வெந்து, வெள்ளை மங்கி, பளபளப்பு வந்த பிறகு சர்க்கரைக்கு வழிவிடுங்கள். பாகில் பாலை ஊற்றியே கைப்பழக்கம் வந்தவர்கள் பாகைத் தண்ணீராக வைத்துக்கொண்டு ஊற்றுவார்கள். அதுவும் சரியாகவே வரும், நீர் போதுமான அளவு இருப்பதால்.

அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோவரை சர்க்கரை. அதில் ஒரு கைப்பிடியைத் தனியாக வாணலியில் போட்டு, பழுப்பாக உருகவிட்டு, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்துச் சேருங்கள். அல்வாவின் நிறம் அந்தக் கருகலுக்குச் சற்று முன்னால் நிற்கிற சர்க்கரையில் இருக்கிறது, சாயப்பொடி வேண்டாம். பிறகு கால் கிலோ நெய், கரண்டி கரண்டியாக. ஒரு கரண்டி முழுதும் உள்ளே போன பிறகுதான் அடுத்தது. சர்க்கரையும் நெய்யும் இங்கே செய்கிற காரியம் நேர்ச் சங்கிலிகள் நெருங்கிவந்து இறுகாமல் இடையில் நிற்பது. ஆறிய பிறகும் அல்வா கட்டியாகாமல் விரலில் வழுக்குகிறது என்றால் அதனால்தான். கடைசியில் உருளியின் ஓரத்தில் நெய் பிரிந்து கசியும். சட்டுவத்தில் எடுத்தால் ஒட்டாமல் வழியும். இறக்கிவிடலாம்.

குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். உறையும் நிலைக்குச் சற்று மேலே, 4 பாகை அளவில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகும், நெய்யும் உறையும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும்போதும் இதைச் சொல்லி அனுப்புங்கள். இறுகிவிட்டால் மெல்லிய சூட்டில் கிளறினால் தளர்ந்துவிடும்.

இதே செய்முறையைக் கடையில் விற்கும் சோள மாவில் செய்து பாருங்கள். அது மக்காச்சோளத்தின் சுத்தமான மாவுச்சத்து. ஆறியதும் துண்டு போடுகிற மாதிரி இறுகி, மென்றால் ரப்பராகத் துள்ளும். பம்பாய் அல்வா என்கிறோமே, அது. நல்ல பண்டம்தான், ஆனால் நம் அல்வாவுக்கு மாற்று அது இல்லை.

சோறும் இடியாப்பமும்

சோற்றில் ஒரே ஒரு செய்தி. புழுங்கலரிசி என்பது நெல்லிலேயே ஒருமுறை வெந்து இறுகிய அரிசி. உமிக்குள் மாவுச்சத்து வெந்து, காயும்போது மறுபடி இறுகிப் பருக்கைக்குள் பிடிப்பை உண்டாக்கிவிடுகிறது. அதனால்தான் வேக நேரம் எடுத்தாலும் குழைவதில்லை. எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 குட்டையும் பருமனுமான அரிசி. எங்கள் வீட்டில் புழுக்கி வாங்கி இட்லிக்கு எடுப்போம். பச்சரிசியாக இருந்தால் பழைய அரிசி பாருங்கள், புதுசு பிசுபிசுக்கும்.

ராத்திரி தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றில் நடப்பதும் அதே இறுகுதல்தான். அப்படி இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. காலையில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட இது ஒரு நல்ல காரணம்.

இடியாப்பத்துக்கு வருகிறேன். கோதுமை மாவைப் பசைப் புரதம் பிடித்துவைத்துக்கொள்ளும். அரிசி மாவுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. ஆகையால் மாவுச்சத்தே பசையாக வேண்டும். வறுத்த மாவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதற்காக. மாவில் ஒரு பகுதி அப்போதே வெந்து மற்றதைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் எதுவும் வேகாது; அச்சிலிருந்து இழை ஒடிந்து ஒடிந்து விழும். மாவின் மேல் தண்ணீரை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள்.

உருளைக்கிழங்குக்கும் சேப்பங்கிழங்குக்கும் பாடம் ஒன்றுதான்: வேகவைத்த சூட்டோடு நறுக்காதீர்கள். முழுதாக ஆறட்டும். உள்ளே இறுகிய பிறகு நறுக்கி வறுத்தால் உடையாது.

சொதியும் புளிக்குழம்பும்

கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சொதி வைக்கிற வீடுகளில் தேங்காய்ப்பால் நீர்த்துவிட்டால் கெட்டிப்படுத்த மாவு தேடுவார்கள். சொதிக்கு அரிசி மாவுதான் பொருத்தம். சின்ன மணி, வெண்மை கெடாது, குழைவு மட்டும் வரும். மரவள்ளி மாவு போட்டால் கரண்டியில் இழை இழையாக இழுபடும். சோள மாவு, ஆறினால் பாளம் கட்டும். எந்த மாவானாலும் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கிற குழம்பில் காய்ந்த மாவைத் தூவினால் வெளிப்புறம் உடனே வெந்து உறையாகி, உள்ளே நீர் போகாமல் அடைத்துவிடும். கட்டி என்பது அதுதான். பிறகு எவ்வளவு கிண்டினாலும் உடையாது.

புளிப்பும் மாவுச்சத்தும் நீண்ட நேரம் சேர்ந்து கொதிக்கக் கூடாது. அமிலம் சங்கிலிகளை வெட்டும். கெட்டியாக இருந்த குழம்பு நீர்த்துவிடும். புளிக்குழம்பில் மாவுக் கரைசலை இறக்கப்போகும் நேரத்தில் விடுங்கள். சொதிக்கு எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிவது பால் திரியாமல் இருக்க என்பார்கள்; மாவு சேர்த்திருந்தால் இதுவும் ஒரு காரணம்.

வத்தல்

பங்குனி, சித்திரை வெயிலில் தட்டட்டியில் துணி விரிக்கிற நாட்கள் எனக்கு ஆண்டிலேயே பிடித்தவை. வத்தலுக்கு இரண்டு மாவு கலப்பதில் நம் ஊர்ப் பெண்கள் நல்ல கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு படி அரிசிக்குக் கால் படி ஜவ்வரிசி. ஜவ்வரிசி என்பது மரவள்ளி மாவுச்சத்தை ஈரத்தோடு உருட்டி, சூட்டில் வாட்டிக் காயவைத்தது. சேலம் பக்கம் ஏராளமாகத் தயாராகிறது. மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். செங்கோட்டையும் அப்போது அந்த சமஸ்தானத்து ஊர்தான்.

ஜவ்வரிசியில் கிளைச் சங்கிலி கூடுதல். எண்ணெயில் விழுந்ததும் உள்ளே மிஞ்சிய சிறிது ஈரம் ஆவியாகும்போது, இந்தக் குழைவான சங்கிலிகள் கிழியாமல் இழுபட்டு ஊதுகின்றன. அரிசியில் நேர்ச் சங்கிலி கூடுதல். அது உறுதியையும் மொறுமொறுப்பையும் கொடுக்கிறது. ஜவ்வரிசி மட்டும் போட்டால் பெரிதாகப் பொரியும், பல்லில் ஒட்டும். அரிசி மட்டும் போட்டால் கடினம். கலந்தால் இரண்டும் கிடைக்கும்.

கூழ் முழுதும் வெந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் எல்லாவற்றிலும் பெரிது. அரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, ஊறிய ஜவ்வரிசியைத் தனியாக வேகவைத்துச் சேர்த்து, உப்பும் அரைத்த பச்சை மிளகாயும் போட்டுக் கிளறுங்கள். வெள்ளை மங்கிப் பளபளப்பு வர வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஜவ்வரிசியின் நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் அது வேகவில்லை. எண்ணெயில் அந்த இடம் ஊதாமல் கல்லாக நிற்கும். எலுமிச்சையைக் கூழ் இறக்கி ஆறிய பிறகு சேருங்கள். காய்ந்த வத்தலைத் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, மறுபடியும் வெயில் காட்டுங்கள். ஒடித்தால் சத்தம் கேட்க வேண்டும். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். சூடு குறைந்தால் ஈரம் மெதுவாகக் கசிந்து போய்விடும், ஊதாது.

சேலைக் கஞ்சியும் பசையும்

வீரவநல்லூர்ப் பக்கம் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவது நூலின் மேல் ஒரு படலம் ஏற்றத்தான். தறியில் உரசும்போது நூல் பிசிறாது, அறாது. படலத்துக்கு நேர்ச் சங்கிலி வேண்டும் என்று முன்பே சொன்னேன். சோறு வடித்த கஞ்சியில் கசிந்து வந்திருப்பதும் பெரும்பாலும் அதுதான். வெள்ளைச் சேலைக்கும் வேட்டிக்கும் வடிகஞ்சியை விட்டால் வேறு எதுவும் தேவையில்லை. துணியில் வடிகட்டி, நான்கு பங்கு தண்ணீரில் கலந்து, துவைத்த ஈரச் சேலையை முக்கிப் பிழியுங்கள். காய்ந்த துணியை முக்கினால் ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் ஏறும்.

கறுப்பு, நீலம், அரக்கு நிறங்களுக்கு அரிசிக் கஞ்சி வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும். ஜவ்வரிசியைத் தெளிவாகும்வரை வேகவைத்து வடிகட்டி விடுங்கள். மரவள்ளிப் பசை ஒளியை ஊடுருவவிடும், நிறம் மங்காது. விறைப்பு சற்றுக் குறைவுதான். முக்கால் காய்ந்ததும் இஸ்திரி போட்டால் படலம் நன்றாகப் படியும். மழைக்காலத்தில் கஞ்சி போட்ட சேலைகளைப் பெட்டியில் வைக்காதீர்கள். பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப் பூச்சி தேடி வரும். கட்டாத சேலையை அலசிக் காயவைத்து மடியுங்கள்.

புத்தகம் பைண்டு செய்யவும் சுவரொட்டி ஒட்டவும் மைதாப் பசைதான் ஏற்றது. அதில் மாவுச்சத்தோடு கோதுமைப் புரதமும் பிடிக்கிறது. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் விடாமல் கிண்டி, பளபளப்பு வந்த பிறகும் ஓரிரு நிமிடம் வைத்து இறக்குங்கள். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பது பழைய வழக்கம். அது நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம், அந்தப் பாத்திரத்தை அடுக்களைக்குள் கொண்டுவரவும் வேண்டாம். பசையைக் கிண்டிய அன்றே பயன்படுத்துங்கள். மறுநாள் பார்த்தால் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும்; சங்கிலிகள் இறுகி, பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டன. அந்தப் பசையில் பிடிப்பு இருக்காது. சூடாக்கினால் ஓரளவு தளரும், பழைய பிடிப்பு முழுதாகத் திரும்பாது. வேண்டிய அளவுக்குக் கொஞ்சமாகப் புதிதாகக் கிண்டிக்கொள்வதே நல்லது.